தண்ணீர் குடிக்கும் காட்சி

மார்ச் 3, திங்கள்

எக்ஸ்ரே அறையில் ஏசி மறுபடியும் படுத்துவிட்டது. காலையிலிருந்து "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, இப்ப விடலாம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே மூச்சு முட்டியது. ஒரு பெரியவர் விட மறந்து அப்படியே நின்றார். பெரிய சிஸ்டர் வந்து முதுகில் தட்டினாள்.

மதியம் தம்பியின் போன். அவன் எடுத்த படம் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகிவிட்டதாம். வெளிநாட்டுப் படங்களுக்கு நடுவில், போட்டிப் பிரிவில். "உன்னாலதான்க்கா" என்று அழுதான். நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு நிமிஷம். அப்புறம் அந்தக் காட்சி நினைவுக்கு வந்தது.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "போட்டிக்கு வேற ஆளே வரலையா?" என்றார். ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்துவது அவர் வேலை. காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊராரை ஃபெயில் போடுவார். வீட்டுக்கு வந்தாலும் வேலையை விடுவதில்லை. இன்று நான் ஃபெயிலானது தண்ணீரில். கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிப்பார்; இன்று சரியாகக் கொதிக்கவில்லை என்று நாக்கு சொல்லிவிட்டதாம். டம்ளரை மேஜைமேல் மெதுவாகக் கவிழ்த்தார். துடைத்தேன்.

என்மேல் கை நீட்டியதே இல்லை. அதை அவ்வப்போது அவரே சொல்லிக்காட்டுவார்.

மார்ச் 5, புதன்

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது தூக்கம் வருகிறதா பார்ப்போம்.

போன வருஷம் தம்பி பேசி வைத்திருந்த நடிகை கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டாள். "அக்கா, நீ சும்மா வந்து நில்லு, போதும்" என்றான். பத்தொன்பது வருஷமாகச் சும்மாதானே நிற்கிறேன், இன்னும் நாலு நாள் நின்றால் என்ன என்று ஒத்துக்கொண்டேன். படப்பிடிப்பு எங்கள் வீட்டுச் சமையலறையில், அவர் வேலைக்குப் போன பிறகு. கதைப்படி கணவன் செத்த செய்தி போனில் வருகிறது, மனைவி உடைந்து அழ வேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள், வரவில்லை. "அழற மாதிரி பண்ணாதக்கா, எரிச்சலா வருது!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். பிறகு, "சரி, இடைவேளை. கேமராவை அணைங்க" என்றான்.

நான் அவருக்குத் தண்ணீரை அடுப்பில் ஏற்றினேன். என் சொந்த போன் அடித்தது. தெரியாத நம்பர், தெரியாத குரல். "உங்க வீட்டுக்காரர் போன கார் லாரியில மோதிடுச்சும்மா. உயிர் இல்ல."

கேமரா அணையவில்லை. பேசியது தம்பி ஏற்பாடு செய்த ஆள். அது எனக்கு எப்படித் தெரியும்? நம்பினேன். முழுசாக நம்பினேன்.

அழவில்லை. ஒரு மூச்சு வெளியே போனது, எத்தனை காலமாக உள்ளே இருந்ததோ. அடுப்பை அணைத்தேன். இனி யாருக்குக் கொதிக்க வேண்டும்? குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீர் பிடித்து, நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

அப்புறம்தான் தம்பி ஓடிவந்தான். "பொய்க்கா, பொய்! மாமா நல்லா இருக்காரு!" அப்போது அழுதேன் பாருங்கள், ஓவென்று. அதை அவன் படம் பிடிக்கவில்லை. தேவைப்படவில்லையாம்.

மார்ச் 8, சனி

தம்பியின் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் என் முகம் பெரிதாக நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை நான்.

"அந்த ஷாட்டை எடுத்துடுடா."

"அதை எடுத்துட்டா படமே இல்லக்கா."

"உங்க மாமா பார்ப்பாருடா."

"பார்க்கட்டும். அக்கா பிரமாதமா நடிச்சிருக்கான்னு நெனச்சுப்பாரு. அவருக்கு என்ன தெரியும்?"

"நீ வாயத் திறக்க மாட்டியே?"

"அம்மா மேல சத்தியம்."

அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. செத்தவர்கள் மேல் சத்தியம் செய்வது எவ்வளவு வசதி.

மார்ச் 9, ஞாயிறு

விழாவுக்கு அவர் லீவு போட்டிருக்கிறார். என் அப்பா செத்ததற்கு அரை நாள் லீவு போட்ட மனிதர்.

மார்ச் 14, வெள்ளி

விழா தொடங்கியது. எல்லாரும் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு ஓடுகிறார்கள். உள்ளே ஓடி இடம் பிடித்துத் தூங்குகிறார்கள். விழித்ததும் படத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார்கள்.

நாங்கள் பார்த்தது ஏதோ ஒரு பனி நாட்டுப் படம். வயதான கணவனும் மனைவியும் இரண்டு மணி நேரம் பேசாமல் சூப் குடிக்கிறார்கள். கடைசியில் அவள் "உப்பு போதவில்லை" என்கிறாள். முடிந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது. அவர் என் காதருகே குனிந்து, "இதுக்கு நம்ம வீட்லயே இருந்திருக்கலாம்" என்றார்.

பொங்கிக்கொண்டு வந்தது சிரிப்பு. அவர் சொல்லி நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! ஒரு நொடி, இந்த மனிதரோடு இப்படியும் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

"பல்லைக் காட்டாத. நாலு பேர் பார்க்கறாங்க" என்றார். சரி, ஆள் அப்படியேதான் இருக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

இரண்டாம் அரங்கு. மூன்றாவது வரிசை. அவர் பக்கத்தில். எங்கள் சமையலறை திரையில் வந்ததும், "நம்ம பாத்திரம்" என்றார். அந்தக் காட்சி நெருங்க நெருங்க நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை. போன் மணி. மூச்சு. அடுப்புத் திருகு. குழாய். மடக் மடக் என்று தொண்டை. அத்தனை பேர் இருந்தும் ஒரு இருமல் இல்லை.

படம் முடிந்ததும் கேள்வி நேரம். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு விமர்சகர், கண்ணாடி போட்ட அம்மா, என்னைக் கேட்டார்: "அந்தத் தண்ணி குடிக்கிற காட்சி... அப்ப மனசுல என்ன ஓடிச்சு?"

மைக்கைப் பிடித்தேன். மூன்றாவது வரிசையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒன்னும் ஓடலைங்க. வெறும் நடிப்புதான்" என்றேன். கைதட்டினார்கள். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா சும்மா இருந்திருக்கலாம். "அப்படின்னா இந்தப் படமே உங்களுதுதான். இயக்குநருக்கு இதுல பெரிசா வேலை இருந்த மாதிரி தெரியல" என்று தமாஷாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். தம்பியின் முகம் கறுத்தது. சின்ன வயதில் கேரம் போர்டில் தோற்றால் கறுக்குமே, அதே முகம். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

"இல்லீங்க. அது நடிப்பே இல்ல. எங்க அக்காவுக்கு நடிக்கவே வராது. அது என் உத்தி."

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். பொய் போன், லாரி, அணைக்காத கேமரா. "அந்த நிமிஷம் எங்க மாமா உண்மையிலேயே செத்துட்டாருன்னுதான் அக்கா நம்பினா. நீங்க பார்த்தது நிஜம்!" அரங்கம் 'ஆ' என்றது. பிறகு கைதட்டல், அந்தப் பனி நாட்டுப் படத்துக்குத் தட்டியதைவிடப் பலமாக. அதோடாவது விட்டானா பாவி? "மாமா இங்கதான் இருக்காரு! எழுந்திருங்க மாமா!"

எழுந்தார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. சிரித்தபடி கையசைத்தார்.

"நான் உயிரோடதாங்க இருக்கேன்" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்த மேடை அப்படியே பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

திரும்பும்போது காரில் ஒரே வார்த்தைதான் பேசினார். "பெல்ட்."

மார்ச் 17, திங்கள்

இன்று தண்ணீரில் குறை சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

வேலை நேரத்தில் போன். தெரியாத நம்பர். "உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா."

குரலை மாற்றிப் பேசுகிறார். நன்றாகவே வரவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நடிப்பு வராது போலிருக்கிறது. நான் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேச்சில்லை, காத்துக்கொண்டிருந்தது. பிறகு சொந்தக் குரலில், "ம், விடு. மூச்சை விடு. கேக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் ஒன்றுமே நடக்காதது போல, "துண்டு எங்கே?"

மார்ச் 24, திங்கள்

தினமும் கூப்பிடுகிறார். எந்தெந்த நம்பரிலிருந்தெல்லாமோ. தேர்வுக்கு வருகிறவர்களின் போனை வாங்கிப் பேசுகிறார் போல. பாவம், அவர்கள் பாஸாக வேண்டுமே, கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

சிறந்த நடிப்புக்கான பரிசு எனக்காம். நடிக்கவே வராதவளுக்கு! "போய் வாங்கிக்கோ, நடிகை" என்றார் அவர். போகவில்லை. தம்பி போய் வாங்கிக்கொண்டு, மேடையில் அக்காவைப் பற்றிப் பேசித் தேம்பினானாம். அவனுக்குக் கொடுத்திருக்கலாம் அந்தப் பரிசை.

மார்ச் 27, வியாழன்

இன்று ஒரு நோயாளியை நிறுத்தி, "மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க" என்று சொல்லிப் படம் எடுத்த கையோடு போன் அடித்தது. எடுத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா."

என்ன வந்ததோ தெரியவில்லை எனக்கு. "அப்படியா? எப்ப எடுக்கறாங்க?" என்றேன்.

அவர் குரலே வந்தது. "என்னது?"

"பாடியை எப்ப எடுக்கறாங்கன்னு கேட்டேன். லீவு சொல்லணும் பாருங்க. எனக்கு அரை நாள் போதும்."

போன் வைக்கப்பட்டது. திரும்பிப் பார்த்தால், ஐயோ, அந்த மனுஷன் முகம் சிவந்து இன்னும் மூச்சைப் பிடித்தபடி நிற்கிறார்! "விடுங்க, விடுங்க, விடலாம்!" என்று ஓடினேன். நானும்தான் விட்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. பெரிய சிஸ்டர் வீட்டு மாடியறையிலிருந்து இதை எழுதுகிறேன். மாற்றுப் புடவைகூட இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாடியறை நிரந்தரமாகிவிட்டது. அடுப்பு இன்னும் வாங்கவில்லை. குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது.

தம்பி வந்திருந்தான். மன்னிப்புக் கேட்க வந்தான் என்று நினைத்தேன், நாற்காலியெல்லாம் எடுத்துப் போட்டேன். "அப்புறம் மாமா என்னென்ன சொன்னாரு? ஒன்னு விடாம சொல்லுக்கா, அடுத்த படத்துக்கு வேணும்" என்றான்.

"ஒன்னும் சொல்லலடா. அம்மா மேல சத்தியம்" என்றேன். புரிந்ததோ என்னவோ, எழுந்து போய்விட்டான்.

படத்தைச் சின்ன அரங்கில் மறுபடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்று தனியாகப் போனேன். இந்த முறை கண்ணை மூடவில்லை. அந்த மூச்சு, அடுப்பு, தண்ணீர், எல்லாவற்றையும் பார்த்தேன். அவ்வளவு பெரிய திரையில் அவ்வளவு நிம்மதியான முகம். என் முகம்தான். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பாவி, எப்படிச் சந்தோஷப்படறா பாரு" என்றாள். உண்மைதான். எனக்கு வெட்கமாக இல்லை.

அந்த வியாழனுக்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. நன்றாக இருக்கிறாராம். வழக்கம்போல ஃபெயில் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.

ஆனால் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் இப்போதெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். அரங்கிலிருந்து வெளியே வந்ததும் ஒன்று வந்தது. ஏதோ இன்ஷூரன்ஸ் விற்கிற பெண். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.