ஈரத்தாளில் பதினேழு முளை

அக்கா,

இன்று காலை மழையில் நனைந்து கிடந்த நாளிதழைப் பிரித்தேன். ஈரத்தாளின் வாடை. இத்தனை ஆண்டு கழித்தும் மடிப்புக்குள் விதை இருக்கிறதா என்று கண் தேடியது.

எண்பதுகளின் நடுவில், துறைமுகத்துக்குப் பக்கத்து விதைக் கிடங்கில் விதை எவ்வளவு முளைக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் வேலை. மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் பயறுவகைக் கொடியின் விதை. பூஞ்சை பிடிக்காமலிருக்க ரோஸ் நிற மருந்துத்தூள் புரட்டிய மூட்டைகள். தகரக் கூரைக்கடியில் இரண்டு வருடம் வெந்து கிடந்தவற்றைப் புதுவிதை என்று கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு விற்கப்போகிறார்கள் என்று சொல்லத்தான் ஜெலுத்தோங்கிலிருந்த உங்கள் வீட்டுக்கு, பத்திரிகை நிருபனான என்னை வரச்சொன்னீர்கள்.

“கலரு பளிச்சுன்னுதான் இருக்கு தம்பி. மருந்து பூஞ்சையத்தான் தடுக்கும். வயசாகறதத் தடுக்குமா? தடுத்தா நான் மொதல்ல பூசிக்குவேன் லா.”

சிரித்தபோது பார்த்தேன், உங்கள் நகக்கண்ணெல்லாம் ரோஸ் நிறம்.

நூறு விதையை எண்ணி, எங்கள் பத்திரிகையிலேயே சுருட்டி நனைத்து, ஒரு வாரம் வைத்திருந்தீர்கள். என் முன்னால் பிரித்தீர்கள். முளைத்தவை பதினேழு. மற்றவை ஊதி அழுகியிருந்தன.

“ஒங்க பேப்பர்ல வந்த உண்மையான கணக்கு இது ஒண்ணுதான்” என்றீர்கள். பிறகு குரல் தாழ்ந்தது. “என் பேரு மட்டும் வேணாம் தம்பி. இந்த வேல போனா வேற வழியில்ல.”

உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எதிர்த்தரப்பைக் கேட்காமல் செய்தி கொடுப்பதில்லை என்பது என் பழக்கம். கிடங்கு மேலாளரைத் தொலைபேசியில் அழைத்து, “நூற்றுக்குப் பதினேழுதான் முளைக்கிறதாமே?” என்று கேட்டேன். சரியாக முளைப்பதில்லையாமே என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கிடங்கில் விதையை எண்ணி முளைக்கப்போடத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். மறுமுனையில் அவர், “நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

மறுநாள் உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றே மூட்டைகள் லாரியோடு ஃபெரி ஏறின. நான்கு நாள் கழித்து என் செய்தி வந்தபோது விதை மண்ணுக்குள் போயிருந்தது. பிறகு மழை பெய்தும் நிலம் மொட்டையாகக் கிடந்ததை நேரில் பார்த்தேன்.

உங்கள் வீட்டுக்கும் வந்தேன். கதவை முழுதாகத் திறக்காமல் நின்றீர்கள்.

“கேக்கறதுன்னா கேளுங்க. நம்பரையுமா சொல்லிக் கேக்கணும்?”

அதன்பின் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. போன வாரம் எங்கள் பத்திரிகையின் மரண அறிவிப்பில் உங்கள் படம் வந்திருந்தது.

இன்றும் செய்தியில் எண் ஒன்று வந்தால் என் கை நிற்கிறது. அதை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுகிறேன். ஒருவர் என்றால், எண்ணை அடித்து நீக்கிவிடுகிறேன்.