இரண்டு தம்ளர் ஈஸ்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், நீ நலமா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. நலமில்லை என்று நீயே போனில் சொல்லிவிட்டாய். குழம்பிவிடக் கூடாது என்று முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. போனை வைத்ததற்கு விளக்கம்.
2. டீ ட்ரீ எண்ணெயை வைத்து நான் செய்து பார்த்தது.
3. மருந்துக்கடையில் நடந்தது.
4. இம்மாதிரி விஷயங்களை இனி அத்தையிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்பது.

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது, அரிப்பு தாங்கவில்லை, டாக்டரிடம் போகக் கூச்சமாக இருக்கிறது, டீ ட்ரீ எண்ணெய் தடவலாமா, இதுவும் ஒரு வகை ஈஸ்ட்தானாம், நீங்கள் ஈஸ்ட் கம்பெனியில் இருந்தவர்தானே என்று ஒரே மூச்சில் கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. உன் அம்மா போன பிறகு நான் பாலே வாங்குவதில்லை. அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை, போன் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

வேலையில் இருந்தபோது செய்த மாதிரியே இரண்டு தம்ளரில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, ரொட்டி ஈஸ்ட் கரைத்து, ஒன்றில் மட்டும் அந்த எண்ணெயை விட்டேன். விடாதது நுரைத்து மேசையெல்லாம் வழிந்தது, விட்டது அசையாமல் கிடந்தது. பாத்தியா என்று வாய்விட்டே சொல்லித் திரும்பினேன், சமையலறையில் யாரும் இல்லை. பிறகுதான் சந்தேகம் வந்தது. ரொட்டி ஈஸ்ட் வேறு, உன்னைப் படுத்துவது வேறு. தேடிப் படித்ததிலும் இந்த எண்ணெய், பூண்டுச் சாறு எல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சையை அடக்குகின்றன, பெண்களிடம் சரியாகச் சோதித்தது குறைவு என்றே இருந்தது. தம்ளருக்கு எரிச்சலும் தெரியாது. ஒரு சொட்டு எடுத்து உதட்டின் உட்புறம் தடவிக்கொண்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உதட்டுக்கே இப்படியென்றால் அங்கே வேண்டவே வேண்டாம் பாப்பா.

அதன் பிறகு மருந்துக்கடைக்குப் போய்ப் பூஞ்சைக்கு மருந்து கேட்டேன். காலிலயா சார் என்றாள் கடைக்காரப் பெண். இல்லை என்றேன். கையிலயா என்றாள். பதறிப்போய், பெண்களுக்கு வருவது, எனக்குத்தான் என்று சொல்லித் தொலைத்தேன். அப்படின்னா உங்களுக்கு வராது சார், நிம்மதியா இருங்க என்றாள், பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் படியிறங்கியதும் வெளியே வந்து, பொண்ணுக்கா சார் என்று மெதுவாகக் கேட்டாள். திரும்பத் திரும்ப வந்தா டாக்டர் பாத்து டெஸ்ட் எடுக்கணும், சர்க்கரையும் பாக்கச் சொல்லுங்க, சில நேரம் அது பூஞ்சையாவே இருக்காது, எண்ணெய் பூண்டுன்னு எதையும் உள்ள வெக்க வேணாம், வெக்கமும் பட வேணாம், நீங்களே கடை வரைக்கும் வந்துட்டீங்களே என்றாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அத்தை விஷயம். அவளும் ஒரு பெண், அனுபவசாலி, என்னைவிடத் தைரியசாலி. ஆனால் அவளிடம் சொன்னால் மறுநாளே சொந்தபந்தம் மொத்தமும் உனக்குப் போன் போட்டு அரிப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது, வெகு நாளைக்குப் பிறகு.

இந்த வாரமே ஒரு பெண் டாக்டரைப் பார். அவர் கொடுக்கும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. உடம்பும் மனமும் குளிர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா

மடிப்பதற்கு முன் படித்துப் பார்த்தேன். வரிசையில் நான்காவதாகப் போட்டது தவறு. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். டாக்டர் சொன்னதை என்னிடமே சொல். இந்த முறை அடுப்பில் பால் பொங்காது.