பெரட்டுக்கு வந்த வெள்ளணுக்கள்

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

போன வெள்ளிக்கிழமை உன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை ஹல்துமுல்லைப் பக்கம், நல்ல பையன். தாய்மாமன் சீர்த்தட்டை நான்தான் சுமந்து போனேன். தலை நிமிர்ந்து போகத்தான் முடியவில்லை.

நம்ம பக்கம் அண்ணன்காரன் தங்கச்சிக்குக் கொடுக்கத்தான் வேண்டும். கட்டிக்கொடுத்த வீட்டில் கை நீட்டக் கூடாது. உன் வீட்டில் சோறு தின்னக்கூட யோசிப்பேன். அப்படிப்பட்டவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. யார் யாரோ கைகொடுத்து, இலங்கையிலிருந்து கடல் தாண்டிச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், உன் ஸ்டெம் செல்தான் பொருந்துகிறது என்றார் டாக்டர். "வேணாங்க, நான் ஊருக்கே போறேன்" என்றேன். நீ என்ன சொன்னாய்? "சும்மா இருண்ணே. நீ செத்துட்டா எம்புள்ளைக்குச் சீரு யாரு கொண்டாருவா?"

மெஷினில் உன் ரத்தத்தைச் சுற்றவிட்டு எடுத்ததை எனக்கு ஏற்றினார்கள். அப்புறம் கண்ணாடி அறை. வாயெல்லாம் புண், தலை மொட்டை, படுக்கையிலேயே பேதி. தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என்று மீசையை முறுக்கிக்கொண்டு நின்றவன், நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்தாலே போர்வையை முகத்தில் இழுத்துக்கொள்வேன். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

ஒரு காலையில் அறைக்குள் போன் அடித்தது. எடுத்தால் உன் குரல், அச்சு அசல் என்னை மாதிரியே. "பெரட்டு! எல்லாம் வரிசையா நில்லு. செவப்பணு, மேல்மலைக்குப் போ. வெள்ளணு எங்க? இன்னும் பேரு குடுக்கலியா? லேட்டா வந்தா அரை நாளு பேருதான், அரைச் சம்பளந்தான்!"

காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் என் பெரட்டை, நர்சம்மாவிடம் ரத்தக் கணக்கைக் கேட்டுவந்து என் உடம்புக்குள்ளேயே நடத்தினாய்.

"மானம் போகுதுடி, நர்சு சிரிக்குது."

"சிரிக்கட்டும். லேட்டுன்னு என்னைய எத்தன தடவ வெரட்டியிருப்ப!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் விடிந்தால் உன் போனுக்குத்தான் காத்திருப்பேன். "வெள்ளணு ரெண்டு மூணு பேரு வந்து நிக்கிறாகண்ணே" என்று நீ சொன்ன அன்றைக்குப் போர்வையை விலக்கி உன்னைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

நான் பிழைத்துவிட்டேன். போன வருஷம் நீ தெமோதரையில் பஸ்ஸுக்கு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவேயில்லை. எனக்குக் கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதுளை டாக்டர் அடித்துச் சொன்னார். லயத்து வரிசை வீடுகளில் பேசுகிற வாயை யார் மூடுவது? என் மனசும் அந்தப் பேச்சோடு சேர்ந்துகொள்கிறதே, செல்வி.

கல்யாணத்தில் பூசாரி கேட்டார், "தாய் எடத்துல யாரும்மா நிக்கிறது?" கவிதா என் கையைப் பிடித்தாள். "மாமா நிக்கட்டும். அவங்க ஒடம்புல ஓடுறது எங்கம்மா ரத்தந்தான்." கூட்டத்தில் முணுமுணுப்பு. உன் வீட்டுக்காரர்தான், "வந்து நில்லுங்க மச்சான்" என்றார்.

நின்றேன். வெட்கத்தில் உடம்பு சுருங்கிப்போனது. கொடுக்கப் போன இடத்திலும் உன்னுடையதை வாங்கிக்கொண்டல்லவா நின்றேன்? கவிதா காலில் விழுந்தபோது, "நல்லாயிரு தாயி" என்றேன். நீயும் அதைத்தானே சொல்லியிருப்பாய்?

அடுத்த மாதம் செக்கப்புக்குப் போகிறேன். இவ்வளவு நாளும் எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன், இனி மாட்டேன். உன் பேரப்பிள்ளையைக் கையில் வாங்கும் வரைக்கும் உன் ஆட்கள் ஒருத்தரையும் மட்டம் போட விடமாட்டேன். சத்தியம்.

உன் பெரட்டில் நிற்கும் அண்ணன்,
முத்தையா