முதல் பட்டதாரி

தென்காசி
2.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். சீசன் தொடங்கிவிட்டது, அப்பா குற்றாலத்தில் பழக்கடை போட்டுவிட்டார். நீ போனை எடுப்பதே இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எஞ்சினியரிங் கவுன்சலிங் வருகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கும். ஊரே உன்னை பி.இ. என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. புத்தகம் எடுக்க உன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே உன் மார்க் ஷீட்டுகள். எட்டு அரியர். நீ பாஸாகவே இல்லை.

நீ பட்டதாரி இல்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.

உன் தங்கை,
ஜெயபிரியா

சென்னை
8.6.2025

ஜெயபிரியாவுக்கு,

என் பெட்டியைத் திறக்க உனக்கு என்ன உரிமை? ஆவணியில் எனக்குக் கல்யாணம். பி.இ. என்று சொல்லித்தான் பெண் வீட்டில் பேசி முடித்தோம். இந்த நேரத்தில் உனக்கு ஓசிப் படிப்புக் கேட்கிறதா? சும்மா கிடைப்பதை எவன் மதிக்கிறான்? கட்டணத்தை நான் கட்டுகிறேன். வாயை மூடிக்கொண்டு படி. அப்பாவுக்கு எதுவும் தெரியக் கூடாது.

மாரிராஜ்

தென்காசி
19.6.2025

அண்ணனுக்கு,

ஓசியா? அப்பா சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறார். அதில் பாலம் கட்டினால் ஓசிப் பாலம் என்று யாரும் சொல்வதில்லை. நான் படித்தால் மட்டும் உனக்கு வலிக்கிறது. அம்மாவின் சங்கிலியை விற்றுக் காசு கட்டித்தானே நீ படித்தாய்? நீ அதை மதித்த லட்சணம் பெட்டியில் கிடக்கிறது. உன் காசில் படித்தால், உனக்குக் கோபம் வரும்போதெல்லாம் என் படிப்பு நிற்கும்.

நான் சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருந்தேன்; நேற்று வி.ஏ.ஓ. விசாரணைக்குக் கடைக்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன்.

"வீட்டுல பட்டதாரி யாரும் உண்டா அண்ணாச்சி?"

அப்பா மங்குஸ்தானைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். "எம் மவன் பி.இ. சார். மெட்ராஸ்ல எஞ்சினியரா இருக்காம்லா!"

வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தார். எழுதியிருந்தால் என் படிப்பு அத்தோடு போயிருக்கும். "அண்ணன் பாஸாகலப்பா" என்றேன்.

"ஏட்டி, என்ன சொல்லுத?"

அத்தனை பேர் முன்னால் மறுபடியும் சொன்னேன். என்னை அப்படிச் சொல்ல வைத்தாயே, அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்று அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஆனால் அப்போது சாத்திய கடையை அவர் இன்றும் திறக்கவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறாராம்.

அதற்குள் நீயே சொல்லிவிடு. உன் பொய்க்காக என் அப்பா அங்கே கைகட்டி நிற்கக் கூடாது.

ஜெயபிரியா