வரைபடத்தில் இல்லாத அறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை.

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் இடது கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாடிக் குளியலறைக்கு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார், பின்னாலேயே போனால் கோபம் வருகிறது. கீழேயே ஒரு குளியலறை கட்ட அனுமதி கேட்டிருந்தோம் அல்லவா, அதில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அளக்க வந்த நகராட்சிப் பொறியாளர் பெண் டேப்போடு பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உன் அறை நகராட்சியில் இருக்கும் பழைய வரைபடத்திலேயே இல்லை. குளியலறைக்குப் படம் வரைந்து கொடுத்தவர் என் காதோடு, "வாங்கும்போதே இருந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "பொய் எதுக்கு? பொண்ணு படிக்க இடமில்ல, நான்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா கட்டினேன்" என்று சொல்லிவிட்டார். ஊருக்கெல்லாம் வீடு கட்டிய கொத்தனாருக்குத் தன் வீட்டுக்கு அனுமதி வாங்கத் தோன்றவில்லை, என்ன சொல்ல. அந்தப் பெண்ணும் பொறுமையாகத்தான், "இடிச்சிட்டா இந்த வாரமே அனுமதி தரேம்மா, வெச்சுக்கணும்னா மேலிடத்துக்குப் போகணும், பத்து மாசம்கூட ஆகும்" என்றாள். அப்பா, "அவ வந்தா எங்க தங்குவா, இடிக்க விடமாட்டேன்" என்று ஒரே பிடி. செவ்வாய்க்கிழமை நாலாவது படியிலிருந்து சரிந்தார். முழங்கையில் சிராய்ப்புதான், ஆனால் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார், என்னைக் கூப்பிடவில்லை. வீடு என் பேரில்தானே இருக்கிறது, மறுநாள் அவரையும் கேட்காமல் உன்னையும் கேட்காமல் போய், இடிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு என்னோடு பேச்சில்லை. இன்று காலை ஆட்கள் சுவரில் கடப்பாரையை வைத்ததும் பின்வாசலில் வந்து உட்கார்ந்து, "கூரைய இறக்காம சுவத்துல கைய வெச்சா தலைல விழும்டா, மேலேர்ந்து எடுங்க" என்று சத்தம் போட்டார். பிறகு, "செங்கல்ல உடைக்காதீங்க, குளியலறைக்கு ஆகும்" என்றார். டீ கொண்டுபோய் வைத்தேன். குடித்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் புத்தகங்களை எல்லாம் கட்டி என் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். நீ வந்தால் என் பக்கத்தில் படுத்துக்கொள். என்மேல் கோபமிருந்தால் என்னிடமே சொல்லிவிடு. போனில் அவரிடம் பரவாயில்லைப்பா என்று மட்டும் சொல்லாதே, தாங்கமாட்டார். அந்த அறையை எப்படிக் கட்டினீர்கள் என்று கேள், முழுசும் சொல்லட்டும். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். அங்கே குளிரில் குழந்தைக்குக் காதை மூடிவிட்டு வெளியே கூட்டிப்போ.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா