வாசம் இல்லாத கசிவு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

நீ நலமாக இருப்பதாக ஞாயிறுதோறும் போனில் நீயே சொல்லிவிடுகிறாய், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம். அவருக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறாதீங்க என்று என்றைக்குச் சொல்கிறேனோ அன்றைக்குத்தான் நாலு தடவை ஏறுவார். உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி மாட்டியிருக்கிறார், யாருக்கு என்று கேட்டால் காற்றுக்காம். உன் கட்டிலில் இப்போது துவைத்த துணிதான் படுத்திருக்கிறது, மடிக்கப் போகிற சாக்கில் சில நாள் நானும் அங்கேயே சாய்ந்துவிடுகிறேன். போனில் சொல்ல வாய் வராத ஒன்றைச் சொல்லத்தான் கண்ணு இந்தக் கடிதம்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது, காஸ் கசிவைக் கண்டுபிடிக்கிற கையடக்கமான ஒரு மெஷினை எடுத்துக்கொண்டு எங்கள் காஸ் பிளாண்டுக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கும். மார்க்கெட்டில் அழுகின காய்கறியைத் தொட்டியில் போட்டு மூடி, அதில் வரும் மீத்தேனைப் பக்கத்து ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுக்குக் குழாயில் அனுப்புகிற இடத்தில், பதினெட்டு வருஷமாக என் மூக்குதான் மெஷின். அழுகின முட்டை நாற்றம் எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போய்க் கசிகிற இடத்தில் கை வைப்பேன், அதற்குத்தானே எனக்கு மூக்கம்மா என்று பட்டம். உன் மெஷின், காஸைச் சுத்தம் செய்கிற டிரம்முக்கு அப்பால் வால்வுக்குப் பக்கத்தில் கீச்சென்று கத்தியது. நாத்தம் மீத்தேனோடது இல்லம்மா, கூட வர்ற கந்தக வாயுவோடது, இரும்புத் துருவல் டிரம்முலயே அது நின்னுடும், அதுக்கப்புறம் எவ்வளவு கசிஞ்சாலும் உன் மூக்குக்குத் தெரியாது என்று நீ பொறுமையாகத்தான் சொன்னாய். நான் என்ன செய்தேன்? உன் மெஷினுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு, போய் ஆவி பிடிக்க வைடி என்றேன். என்னோடு வேலை செய்கிற எட்டுப் பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மெஷினை அணைத்துப் பைக்குள் வைத்தாய், ஆபீசில் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பினாய். அதையும் நம்பினேன், புத்திசாலி அல்லவா நான்!

போன செவ்வாய்க்கிழமை புதிதாக வந்த இன்ஜினியர் அதே மாதிரி ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். அதே வால்வு, அதே கீச். நானே சோப்பு நுரையை எடுத்துத் தடவினேன், குமிழ் குமிழாக வந்தது பார். வாஷரை மாற்றி இறுக்கியதும் ஆஸ்பத்திரிச் சமையல்காரர் ஓடி வந்து, அக்கா, இத்தனை நாளா எங்க போயிருந்துச்சு இந்த நெருப்பு என்றார். அடுப்பு மந்தமாக எரிகிறது என்று அந்த மனிதர் சொன்னபோதெல்லாம், காய்கறி சரியில்லை என்று வாயை அடைத்தவளும் நான்தான். கசிந்த காஸெல்லாம் அடுப்பில் எரிந்திருந்தால் நோயாளிகளுக்குக் கஞ்சியாகியிருக்கும். எரியாமல் போனது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கிறதாம், இன்ஜினியர் சொன்னார், நீ அன்றைக்கே சொன்னாய். வெயில் தாங்கவில்லை என்று தினமும் புலம்புகிறேன், அதில் என் கைங்கரியமும் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. நாற்றம் இல்லாவிட்டால் கசிவு இல்லை என்று நம்பினேன், நீ கோபப்படாததால் உனக்கு வலிக்கவில்லை என்றும் நம்பிவிட்டேன். மூன்று வருஷமாக, நல்லாருக்கேம்மா, சாப்டேம்மா, வைக்கட்டுமா, இரண்டே நிமிஷம். முன்பெல்லாம் பேருந்தில் எவன் காலை மிதித்தான் என்பது வரைக்கும் சொல்வாயே. மறுநாள் அந்த எட்டுப் பேரையும் நிற்கவைத்து, என் மகள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஆள் நீ. தப்பு என்னுடையதுடா கண்ணு, உன்னை எல்லார் எதிரிலும் சின்னதாக்கிவிட்டேன். நீ இல்லாமல் இந்த வீடு எனக்கு வீடாகவே இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு குளிரில் போகாதே. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, வருகிற ஞாயிறு போன் செய்யும்போது நல்லாருக்கேம்மா என்று மட்டும் சொல்லாதே. வாய் நிறையத் திட்டு. அப்பாவை வெளியே அனுப்பிவிடுகிறேன்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
அம்மா