சிக்கெடுத்த பத்து நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நேற்று உன் மகளிடம் பேரத்தில் தோற்றுப்போனேன். ஒரு வாய் சோற்றுக்கு ஒரு கதை என்று நான்தான் ஆரம்பித்தேன். ஒன்பதாவது வாயில் விலையை ஏற்றிவிட்டாள். “அரை வாய்தான் வாங்குவேன். ரெண்டு கதை வேணும். ரெண்டுலயும் யானை வரணும்.” இருபது வருஷமாக பிளாஸ்டிக் வாளி விற்கிறேன், இப்படி ஒரு கிராக்கியைப் பார்த்ததில்லை. வயது நாலு!

எனக்கு நிம்மதியே போச்சு. பன்னிரண்டாம் தேதி ஏழு நாள் மௌன முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். பாப்பா என் அக்கா வீட்டில் இருக்கட்டும். கோபிக்காதே.

பாப்பா அப்பா

மார்ச் 7

பாப்பா அப்பாவுக்கு,

கோபம்தான். அக்கா வீட்டில் இரண்டாம் நாளே அழுது காய்ச்சலை வரவழைத்துக்கொள்வாள், உங்களுக்கே தெரியும். நீங்கள் முகாமுக்குப் போனால் நான் நர்ஸ் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவேன். சும்மா சொல்லவில்லை.

அதுசரி, ஏழு நாள் மௌனமா? நீங்களா? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமே வாளி விற்றவராச்சே!

பாப்பா அம்மா

மார்ச் 13

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

போகவில்லை. உன் மிரட்டலுக்குப் பயந்து என்று நினைக்காதே. பாதி அதுதான்.

மீதியைச் சொல்கிறேன். நேற்று காலை, பெட்டி கட்டியாகிவிட்டது, பாப்பாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். ஒரே சிக்கு. வழக்கமாக, “அசையாம இருந்தா பலூன்” என்பேன். அவசரத்தில் மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. என் முழங்காலில் சாய்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு சிக்காக எடுத்தேன். பத்து நிமிடம் இருக்கும். கடை, சரக்கு, லாரி எதுவும் மண்டைக்குள் வரவில்லை.

முடிந்ததும் திரும்பி, “உனக்கு என்னப்பா வேணும்?” என்றாள்.

“ஒண்ணும் வேணாம்டா” என்றேன். ஒன்றும் வாங்காமல் நான் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு மனசு இப்படி நிறைந்ததில்லை, உண்மையைச் சொல்கிறேன். அங்கேயும் நான் பேரம்தானே பேசுவேன்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். நீ பயிற்சியை முழுசாக முடித்துக்கொண்டு வா. ஆனால் வந்தபிறகும் தலை வாருவது என் வேலை. விட்டுத்தர மாட்டேன்.

பாப்பா அப்பா

மார்ச் 17

பாப்பா அப்பாவுக்கு,

வகுப்பிலேயே படித்து, சிரித்து, மூக்கை உறிஞ்சி, மானம் போச்சு. பயிற்சியை முடித்துவிட்டே வருகிறேன். ஆனால் தலை முழுவதும் உங்களுக்கா? பெற்றவள் நான், எனக்கு ஒன்றுமில்லையா?

பாப்பா அம்மா

மார்ச் 20

பாப்பா அம்மாவுக்கு,

சரி, முடிவாகச் சொல்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை நான். சனி, ஞாயிறு நீ. பேன் வந்தால் பாதிப் பாதி.

பாப்பா அப்பா